தோளை லூசா விடுங்க அக்கா

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பாகாயத்தில் ஒரு சர்ச் ஹாலில் இது ஆரம்பமானது. மதியம் மூன்று மணி. வேலூர் வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அந்த மூன்று மணி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஹாலில் நாலு ஃபேன். அதில் இரண்டைத்தான் போடுவோம். நாலையும் போட்டால் நோட்டுத் தாள்கள் பறந்து போய்விடும். அந்தப் புழுக்கத்தில் இருபத்தைந்து பேர் வயலின், செல்லோ, கிளாரினெட், புல்லாங்குழல் என்று ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு வியர்த்து வழிய உட்கார்ந்திருப்போம்.

ஆர்க்கெஸ்ட்ரா என்றதும் கல்யாண மண்டபத்தில் சினிமாப் பாட்டு பாடுகிற குழு என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுடையது தாளைப் பார்த்து வாசிக்கிற மேற்கத்திய இசை. ஒருவரும் தொழில்முறைக் கலைஞர் கிடையாது. இரண்டு டாக்டர்கள், சில நர்ஸ்கள், ஒரு பேங்க் ஆபீசர், காட்பாடியிலிருந்து வரும் இன்ஜினியரிங் மாணவர்கள், அவரவர் ஊர் சர்ச்சில் வாசித்துப் பழகியவர்கள். காசு கிடையாது, டீயும் சமோசாவும் உண்டு. வருடத்துக்கு ஒரே ஒரு கச்சேரி, கிறிஸ்துமஸுக்கு முன்னால். அந்த ஒன்றுக்காக ஐந்து மாதம் ரிகர்சல்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சத்துவாச்சாரியில் வீடு. பொது சுகாதாரத்தில் மேல்படிப்பு முடித்துவிட்டு, ஆம்பூரில் ஒரு சின்ன ஆராய்ச்சித் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பொது சுகாதாரம் என்றால் எங்கள் சொந்தக்காரர்களுக்கு ஒன்றுதான் தெரியும். “கொசு மருந்து அடிக்கிற டிபார்ட்மெண்டாமா?” என்று என் பெரியப்பா ஒவ்வொரு கல்யாணத்திலும் சத்தமாகக் கேட்பார். நான் மருந்து அடிக்கவில்லை, கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருந்தேன். ஷூ வேலையில் தோலை ஒட்டுகிற பசையை எங்கள் பக்கம் எல்லோரும் ‘சொல்யூஷன்’ என்பார்கள். அதில் சில வகைகளின் ஆவியைக் காற்றோட்டம் இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் சுவாசித்தால், கை கால் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாக உணர்வு இழக்கும். முதலில் கால் விரல், அப்புறம் கை விரல். பெரிதாக வலிக்காது. அதனாலேயே யாரும் சீக்கிரம் கண்டுகொள்ள மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் திட்டம்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்லித் தப்பிக்க முடியாது.

வாரத்தில் ஆறு நாள் ஆம்பூர் பஸ், ஏழாவது நாள் வயலின். இரண்டையும் விடாமல் செய்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது. ஆர்க்கெஸ்ட்ராவில் ‘இந்தப் பொண்ணுக்கு நல்ல காது’ என்று பெயர் வேறு. மூன்று வரிசை தள்ளி யாராவது ஸ்வரத்தில் ஒரு இழை இறங்கி வாசித்தாலும் என் தலை திரும்பிவிடும்.

மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் இரண்டு இரண்டு பேராக உட்காருவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஸ்டாண்ட், ஒரே தாள். பக்கம் முடியும்போது உள்பக்கம் இருப்பவர் வாசிப்பதை ஒரு நொடி நிறுத்தி, தாளைப் புரட்ட வேண்டும். வெளிப்பக்கம் இருப்பவர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போக வேண்டும். கிட்டத்தட்டக் கல்யாணம் மாதிரி. ஒருத்தர் புரட்டிக்கொண்டே இருப்பார், இன்னொருத்தர் எல்லாம் தன்பாட்டுக்கு நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

நான் வெளிப்பக்கம். உள்பக்கம் அந்த அக்கா.

ஆம்பூரைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வருவார். நாற்பதைக் கடந்த வயது. பன்னிரண்டு வயதிலிருந்து ஊர் சர்ச்சில் வயலின் வாசிக்கிறார். வார நாட்களில் ஒரு ஷெட்டில் பேஸ்டிங் வேலை. பெரிய ஃபேக்டரிகள் வெளியே கொடுக்கும் வேலையை எடுத்துச் செய்கிற சின்ன இடம் அது. ஷூவின் மேல்தோலில் சொல்யூஷன் தடவி லைனிங்கை ஒட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் வயலின் பெட்டியோடு பஸ் ஏறி, ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்து வந்து, எல்லோருக்கும் முன்னால் நாற்காலிகளைப் போட்டு வைத்திருப்பார்.

முதல் நாள் என்னை “மேடம்” என்றார். மேடம் எல்லாம் வேண்டாம் என்றேன். “அப்ப இன்னான்னு கூப்பிடறது? என் பொண்ணைவிட நாலு வயசுதான் பெரியவ நீ” என்று சிரித்தார். அன்றிலிருந்து நான் அக்கா என்பேன், அவர் வாம்மா போம்மா என்பார்.

அவருடைய வாசிப்பில் மினுமினுப்பு இருக்காது. ஆனால் தாளம் கல்லில் வெட்டியது மாதிரி நிற்கும். நான் அதற்கு நேர் எதிர். கொஞ்சம் உற்சாகம் வந்தால் ஓட ஆரம்பித்துவிடுவேன். அப்போதெல்லாம் என் பக்கமாக லேசாகச் சாய்ந்து, “ஓடாதம்மா, பஸ்ஸு நம்மள உட்டுட்டுப் போவாது” என்பார் வாயசைக்காமல். எனக்குச் சிரிப்பை அடக்கவே ஒரு வரி போய்விடும்.

ஆவணி கடைசியில் ஒரு நாள், அவர் தாளைப் புரட்ட, இரண்டு தாள் சேர்ந்து புரண்டுவிட்டது. நான் எதிர்பார்த்த பக்கம் இல்லை, அதற்கு அடுத்த பக்கம். நான் தொலைந்து போனேன். “ஒட்டிக்கிச்சும்மா” என்றார். சிரித்துக்கொண்டோம். அடுத்த வாரமும் அதே. அதற்கு அடுத்த வாரம், புரட்டவே முடியாமல் தாளின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

இந்த மாதிரி நேரத்தில் என்னைப் பிடிக்க முடியாது. பிரச்சினை என்று ஒன்று வந்தால் எனக்கு உடனே வழி கண்டுபிடித்தாக வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் கலர் கலராக அட்டைத் துண்டு ஒட்டினேன். “பாருங்கக்கா, இதைப் பிடிச்சு இழுத்தா போதும்.” அவர் அதையும் விரலால் பிடிக்காமல் நகத்தால் நெம்பித்தான் புரட்டினார். சரி, ஏதோ அவர் பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் இடது கை. ஸ்வரம் இறங்கி இறங்கி விழுந்தது. நான் வயலின் கழுத்தில், விரல் வைக்கிற இடத்தில் எல்லாம், சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வது போல மெல்லிய டேப் ஒட்டிக் கொடுத்தேன். பின்னாலிருந்து செல்லோ வாசிக்கும் இன்ஜினியரிங் பையன், “அக்காவுக்கு எல்.கே.ஜி. அட்மிஷன் போட்டாச்சா?” என்றான். “ஃபீஸை நீ கட்டுறியா?” என்று அக்கா திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு அவர் தாளைப் பார்ப்பதைவிட விரலைப் பார்ப்பதுதான் ஜாஸ்தியாக இருந்தது. நான் அவர் போனில் தாளம் போடும் ஆப் ஒன்றை ஏற்றினேன். திங்கள் முதல் சனி வரை எதை எத்தனை நிமிடம் வாசிக்க வேண்டும் என்று அட்டவணை எழுதிக் கொடுத்தேன். அதை நாலாக மடித்து வயலின் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் ஒரு நாள் ரிகர்சல் முடிந்து படியிறங்கும்போது, அவருடைய ஒரு செருப்பு மேல்படியிலேயே நின்றுவிட்டது. அவர் பாட்டுக்கு ஒற்றைச் செருப்போடு கேட் வரை போய்விட்டார். நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். “இன்னாக்கா இது புது ஸ்டைலு?” குனிந்து காலைப் பார்த்தவர், “ஐயோ, கழண்டதே தெரியலம்மா” என்றார். வெயிலில் சுட்டிருக்க வேண்டிய தரை அது.

மறுநாள் திங்கட்கிழமை ஆம்பூர் ஆபீசில் உட்கார்ந்து என் கேள்வித்தாளை டைப் செய்தேன். மூன்றாவது கேள்வி: ‘நடக்கும்போது செருப்பு கழன்று போனதே தெரியாமல் இருந்ததுண்டா?’ இதை நான்தான் எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். முந்தின நாள் மாலை எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

ஏன் வரவில்லை என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். என் மூளையில் ‘தொழிலாளர்கள்’ என்று ஒரு பெட்டி இருந்தது, அதற்குள் எங்கள் பட்டியலில் இருந்த பெரிய ஃபேக்டரிகளின் ஆட்கள் இருந்தார்கள். அக்கா வேறு பெட்டி. அவர் என் ஸ்டாண்டுக்காரர். அந்தப் பெட்டியில் நடக்கிற எதற்கும் இசையில்தான் காரணம் தேடினேன். அவர் தலைமுடியிலும் வயலின் துடைக்கும் துணியிலும் வாராவாரம் அந்தச் சொல்யூஷன் வாசனை அடித்ததை என் மூக்கு வாங்கியது. எனக்கு உறைக்கத்தான் இல்லை.

கச்சேரிக்கு ஆறு வாரம் இருக்கும்போது அது நடந்தது. மிக மெதுவான ஒரு பகுதி. வயலின்கள் எல்லாம் ஒரு நீண்ட ஸ்வரத்தை மூச்சு விடுகிற சத்தத்துக்கு இழுத்து, அப்படியே அமைதியாக வேண்டும். அந்த அமைதியில் அக்காவின் வில் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. மறுபடி எடுத்தோம். இந்த முறை இரண்டு தாள் புரண்டது. எங்களை நடத்தும் மாஸ்டர் கையை இறக்கி, பொறுமையாக எங்களையே பார்த்தார். இருபத்தைந்து பேரும் பார்த்தார்கள். தப்பு எங்கள் ஸ்டாண்டில் என்பது எனக்குத் தாங்கவில்லை.

“வீட்டுல பிராக்டீஸே பண்றதில்லையாக்கா?” என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். ஹால் முழுக்கக் கேட்டது.

“பண்றேம்மா” என்றார். அவ்வளவுதான். குனிந்து வில்லை எடுத்தார். எடுக்கும்போது அது இன்னொரு முறை விரலிலிருந்து நழுவியது.

இடைவேளையில் மாஸ்டரிடம் போய், இந்த வருடம் அக்கா வாசிக்காமல் இருந்தால் நல்லது என்றேன். அவருக்கு மனசில்லை. “அவ்வளவு தூரத்துல இருந்து வர்றாங்கம்மா” என்று இழுத்தார். நான் விடவில்லை. கச்சேரி முக்கியமில்லையா, அவங்களுக்கே சங்கடமா இருக்குமே என்று அக்காவுக்காகப் பேசுவது போலவே பேசினேன். கடைசியில், “சரி, பக்கத்துல உக்கார்றவ நீ. நீயே பக்குவமா சொல்லிடு” என்றார்.

அன்று மாலை ஸ்கூட்டியில் அவரை பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் விட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போது அவரே பேசினார். தன் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டே, “விரலு மரத்த மாதிரியே இருக்குதும்மா. கம்பி மேல வச்சா, வச்சது தெரியல” என்றார்.

இதைவிட ஒரு மனுஷி எப்படித் தெளிவாகச் சொல்ல முடியும்?

நான் சொன்னேன்: “தோளை லூசா விடுங்க அக்கா. நீங்க பயந்து பயந்து தோளை இறுக்கிப் பிடிக்கிறீங்க. அதான் கைக்கு ரத்த ஓட்டம் கம்மியாவுது.” சொன்னதோடு நிற்கவில்லை. தோளை முன்னால் பத்து சுற்று, பின்னால் பத்து சுற்று என்று பஸ் ஸ்டாப்பிலேயே செய்து காட்டினேன். பூக்காரம்மா வேடிக்கை பார்த்தார். அக்காவும் வயலின் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று செய்தார். காலையில் இருபது, ராத்திரி இருபது, ஒரு நாள்கூட விடக் கூடாது என்றேன். அப்புறம், அந்த உற்சாகத்தோடு உற்சாகமாக, இந்தக் கச்சேரிக்கு மட்டும் ரெஸ்ட் எடுத்துக்குங்க என்று சொல்லி முடித்துவிட்டேன்.

“சரிம்மா. நீங்கெல்லாம் நல்லா வாசிங்க” என்றார். பஸ் வந்தது. ஏறும்போது காலை வேண்டிய அளவைவிட உயரமாகத் தூக்கி வைத்து, கம்பியை முழங்கையால் அணைத்துப் பிடித்து ஏறினார். புடவை தடுக்குகிறது போல என்று நினைத்துக்கொண்டு நான் வண்டியைத் திருப்பினேன்.

கச்சேரி பிரமாதமாக நடந்தது. கைத்தட்டல் அடங்கவே இல்லை. என் பக்கத்தில் ஒரு நர்சிங் மாணவி உட்கார்ந்து கச்சிதமாகத் தாள் புரட்டினாள். வீடியோவை அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கைகூப்பும் படம் ஒன்று திரும்பி வந்தது. நிம்மதியாக இருந்தேன்.

தை மாதம். எங்கள் கேள்வித்தாளைச் சிலரிடம் கேட்டு ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. ஃபேக்டரியில் அனுமதி வரத் தாமதமானதால், ஆம்பூர் ஓரத்தில் ஒரு சந்தில் இருந்த பேஸ்டிங் ஷெட்டுக்குப் போனேன். அக்காவுடையது அல்ல, வேறொன்று. அங்கே என் வயதுள்ள ஒரு பெண், வேலையை நிறுத்தாமலே பதில் சொன்னாள். கை மரத்துப் போகிறதா என்றால் இல்லை என்றாள். செருப்பு கழல்கிறதா என்றால், “நான் செருப்பே போடறதில்லக்கா” என்றாள். என் கேள்வி ஒன்றிலும் சிக்கவில்லை. நான் பேனாவை மூடப் போகும்போது, தானாகச் சொன்னாள்:

“இந்த லைனிங் பீஸுதான் ஒரே பேஜாரு. ஒண்ணு எடுத்தா ரெண்டா வருது. விரலுக்கு ஒண்ணா ரெண்டான்னே தெரிய மாட்டேங்குது. கண்ணு அவிஞ்சிபோச்சான்னு சூப்பர்வைசரு திட்றாரு.”

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பதில். இதை ஒரு கேள்வியாகவே சேர்க்கலாம் என்று நினைத்து, ‘ஒன்று எடுத்தால் இரண்டாக வருகிறது’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

கோடு முடிகிற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

கலர் அட்டைத் துண்டுகள். டேப். தரையில் விழுந்த வில். மேல்படியில் நின்ற செருப்பு. விரலு மரத்த மாதிரியே இருக்குதும்மா. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒரே நேரத்தில் வந்தன. “இன்னாக்கா, உடம்பு சரியில்லையா?” என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து, விசாரித்து விசாரித்து அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறக்க அவர் எழுந்து வருவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சுவரைத் தொட்டுத் தொட்டு, பாதத்தைத் தூக்கிப் பொத்தென்று வைத்து வைத்து வந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. டீ போடப் போனவரைத் தடுத்து உட்கார வைத்தேன். தண்ணீர்ச் செம்பை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்து நீட்டினார்.

பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்தேன். வேறு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் “ஆமாம்மா” என்றார். ஜாக்கெட் கொக்கி போட மகளைக் கூப்பிடுகிறாராம். கோலமாவு விரலிடுக்கில் நிற்பதில்லையாம். ஷெட்டில் ஜன்னலைத் திறந்தால் தூசு வந்து ஒட்டுகிறது என்று மூடியே வைத்திருப்பார்களாம். பாதிக் கேள்விகளுக்கு அவர் சொல்வதற்கு முன்பே எனக்குப் பதில் தெரிந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதானே.

“ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். “சொன்னேனேம்மா, பஸ் ஸ்டாப்புல. நீ தோளை லூசா விடச் சொன்ன.”

குரலில் கோபம் இல்லை. தேதி, கிழமை சொல்கிற மாதிரிதான் சொன்னார். “டெய்லி பண்ணிக்கினுதான் இருக்கறேன். காலைல இருபது, ராத்திரி இருபது. அதுக்கு முந்தி ஒரு நாள் லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னுதான் இருந்தேன். அப்புறம் நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்ற, தோளுதான்னு. சரி, வீணா இன்னாத்துக்கு லீவுன்னு உட்டுட்டேன்.”

கேள்வித்தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. “இன்னாம்மா நீ, எனக்கு இன்னா ஆயிப்போச்சு இப்ப?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போதும் அவருக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன். பசை, ஆவி, நரம்பு என்று எல்லாம் சொன்னேன். சுவரையே பார்த்துக்கொண்டு கேட்டார். நான் முடித்ததும், “அப்ப நான் பிராக்டீஸ் பண்ணாம கெட்டுப் போவல” என்றார்.

மறுநாளே வேலூருக்கு நரம்பு டாக்டரிடம் வரும்படி கேட்டேன். வருகிறேன் என்றார், ஒரு நிபந்தனையோடு. “அங்க இன்னும் ஆறு பேரு உக்காந்து ஒட்டிக்கினு இருக்கறாங்க. அவங்களையும் பாரு. நான் மட்டும் வந்துட்டா நல்லாவா இருக்கும்?”

பார்த்தோம். எங்கள் திட்டத்தில் ஷெட்டுகளே இல்லை என்று மேலிடத்தில் சொன்னபோது, முதல் முறையாக ஆபீசில் குரலை உயர்த்தினேன். ஷெட்டுகள் சேர்ந்தன. அக்காவின் ஷெட்டில் இரண்டு பெண்களுக்கு ஆரம்ப நிலை. பசை வேலையை விட்டுச் சில மாதங்களில் தேறிவிட்டார்கள். லைனிங் இரண்டாக வருகிறது என்ற அந்தப் பெண்ணும் அப்படித்தான். சொல்யூஷனை மாற்றச் சொல்லி, ஜன்னலைத் திறக்கச் சொல்லி, புகைபோக்கி ஃபேன் வைக்கச் சொல்லிப் போராடி, கொஞ்சம் நடந்தது, கொஞ்சம் நடக்கவில்லை. அந்த வேலைக்காக எங்கள் குழுவைப் பாராட்டினார்கள். மேடையில் நின்று சிரித்தபோது என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. முன்பின் தெரியாதவர்களைச் சரியான நேரத்தில் கேள்வி கேட்டுக் கண்டுபிடித்துவிட்டேன். நாலு மாதம் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தவரை விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு வேலையை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் அதிகமாகிக்கொண்டேதான் போனது. இந்த நோயில் அப்படித்தான் ஆகும், பிறகுதான் மெதுவாக இறங்கும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். நான் தனியாகப் போய், நாலு மாதம் முன்னாலேயே வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். “இவ்வளவு தூரம் போயிருக்காது” என்றார்.

இப்போது அக்கா நன்றாக நடக்கிறார். கொக்கியைத் தானே போட்டுக்கொள்கிறார். பசை இல்லாத பேக்கிங் வேலை, சம்பளம் கம்மி. வயலின் வாசிக்க மட்டும் முடியவில்லை. எடுத்துப் பார்த்திருக்கிறார். “கண்ணால பாத்தாதான் விரலு எங்க இருக்குதுன்னு தெரியுது. கண்ண மூடினா எந்தக் கம்பின்னே புரியல” என்றார். எல்லாவற்றுக்கும் வழி வைத்திருந்தவளிடம் இதற்கு வழி இல்லை.

போன மாதம் அவரோடு டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். நரம்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஸ்கூல் லேபில் பார்த்திருப்பீர்களே, இசைக்கவை, அதைத் தட்டி, அதிர்கிறபோதே அதன் காம்பை எலும்பின் மேல் வைப்பார்கள். அதிர்வு நின்றதும் சொல்ல வேண்டும். கணுக்காலில் வைத்தபோது அக்கா வெகுநேரம் கழித்தே “நின்னுடுச்சு” என்றார். டாக்டருக்கும் சந்தோஷம், எனக்கும். பிறகு இடது கை ஆள்காட்டி விரலில் வைத்தார். ஸ்வரம் பிடிக்கிற விரல். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். வைத்த மாத்திரத்தில், “நின்னுடுச்சு டாக்டர்” என்றார்.

டாக்டர் அதைத் தன் விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அறை அவ்வளவு அமைதி. ‘ம்ம்ம்’ என்று தாழ்ந்த ஒரு ஸ்வரம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அக்கா கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினார். “சத்தம் இன்னும் இருக்குது இல்லம்மா? காதுக்குத் தெரியுது” என்றார், விரலைத் தேய்த்துக்கொண்டே.

“இருக்குதுக்கா” என்றேன்.

நல்ல காது என்று என்னை இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லும்போதெல்லாம், பக்கத்து நாற்காலியிலிருந்து ஒருவர் தன் கையைப் பற்றிச் சொன்னதைக் காதில் வாங்காமல் அவருக்கே பாடம் நடத்திய அந்த மாலை நினைவுக்கு வந்துவிடுகிறது. அந்த வருத்தம் எனக்குக் குறையவில்லை, குறையவும் வேண்டாம்.